சிங்கி இறாலும் நீள ரொட்டியும்

போன வருஷம் ஜூலை மாதம் என் பேத்தி பாஸ்டனிலிருந்து வந்திருந்தாள். வந்த நான்காம் நாள், இட்லியும் வற்றல் குழம்பும் அலுத்துவிட்டதோ என்னவோ, "தாத்தா, அங்கே கடலோரக் கடைகளில் லாப்ஸ்டர் ரோல் என்று ஒன்று தருவார்கள். புதுச்சேரியிலும் கடல் இருக்கிறது, நல்ல ரொட்டியும் இருக்கிறது. நாம் ஏன் பண்ணிப் பார்க்கக் கூடாது?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சமையலைப் பற்றித்தான். ஆனால் எனக்கு அது அறுபது வருஷத்துக்கு முந்திய ஒரு சமையலறை வாசற்படியை ஞாபகப்படுத்திவிட்டது. அந்த வாசற்படியில் நான் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் அதை எடுத்து வர இத்தனை காலமும் எனக்குத் துணிச்சல் இல்லை.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர் என்று அர்த்தம். எங்கள் தெருவிலும் ஒரு சொல்தா இருந்தார். சைகோனில் பல வருஷம் இருந்தவர். மீசைக்குத் தினம் எண்ணெய் போடுவார். பிள்ளைகளைக் கண்டால் பிரெஞ்சில் அதட்டுவார். அதட்டல் முடிந்ததும் தமிழில் கொஞ்சுவார். அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் 'மதாம்' என்றுதான் சொல்வோம். மதாமுக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

1961-ஆம் வருஷம் ஜூலை 14. பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். நிர்வாகம் 1954 நவம்பர் 1-ஆம் தேதியே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் புதுச்சேரியின் நிலைமை, புகுந்த வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டே முகூர்த்த நாளுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் நிலைமை. இதனால் சொல்தாவுக்கு ஒரு குறையும் இல்லை. மார்பில் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரை யுத்த நினைவுச் சின்னத்துக்கு அணிவகுத்துப் போனார். திரும்பி வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் புகுந்தார். வருஷத்தில் அந்த ஒரு நாள் அடுப்பு அவருடையது. வைத்திக்குப்பத்தில் சொல்லிவைத்து வாங்கிய இரண்டு சிங்கி இறால்கள் ஈரச் சாக்கில் காத்திருந்தன.

எனக்கு அப்போது பத்து வயசு. வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்தா சாக்குக்குள் கையை விட்டு ஒன்றை முதுகுப் பக்கமாகப் பிடித்துத் தூக்கினார். அது கத்திற்று. எண்ணெய் காணாத கதவுக் கீல் திறப்பதுபோல, கிறீச் கிறீச்சென்று. இறால் இனத்துக்குக் குரல் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. சொல்தா சிரித்துக்கொண்டே அதைத் தலைகீழாகக் கொதிக்கிற பானைக்குள் விட்டு மூடியைப் போட்டார். வால் அடித்த வேகத்தில் மூடி தடதடவென்று ஆடிற்று. அவர் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இதற்குள் மதாம் காதைப் பொத்திக்கொண்டு, "பாவம், பாவம், வாயில்லா ஜீவன்" என்று சொல்லியபடி கிணற்றடிக்குப் போய்விட்டாள். வாயிருந்து கத்தியதைக் கேட்ட பிறகுதான் அப்படிச் சொன்னாள் என்பதைக் கவனிக்க வேண்டும். மூடி ஆடுவது நின்ற பிறகு உள்ளே வந்து தட்டுகளைத் துடைத்து வைத்தாள். முதல் துண்டு அவளுக்குத்தான். அது அந்த வீட்டு வழக்கம்.

நான் அழுதேன். இதைச் சொல்ல வெட்கமில்லை. வெட்கமான விஷயம் அடுத்தது. சொல்தா ரொட்டியைக் கீறி, வெண்ணெய் தடவி, உள்ளே அந்த வெள்ளைச் சதையை மயோனேஸில் புரட்டி அடைத்து என் கையில் கொடுத்தார். அழுகை ஓயவில்லை, ஒரு கடி கடித்தேன். அழுகை பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, நான் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தேன். முடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன்.

அந்த இரண்டாவது ரொட்டிதான் இத்தனை வருஷமாக என்னை உறுத்துகிறது. முதலாவதையாவது தெரியாமல் தின்றதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பிற்காலத்தில் இந்த விஷயத்தைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். ருசியில் ஈடுபாடு உள்ளவர்கள் மேல்நாட்டில் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள்: 'லாப்ஸ்டருக்குக் குரல் நாண் கிடையாது, பானையில் கேட்பது ஓட்டிலிருந்து வெளியேறும் ஆவியின் சீழ்க்கைதான், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.' வட அட்லாண்டிக்கின் பெரிய கொடுக்குள்ள ஜாதியைப் பொறுத்தவரை இது சரி. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஒமார்' என்பார்கள். கொடுக்கில்லாமல் நீண்ட முள் மீசையோடு இருக்கும் நம்முடையதற்கு 'லாங்கூஸ்த்' என்று பெயர். நம்முடையது நிஜமாகவே சத்தம் போடும். மீசையின் அடிப்பகுதியைக் கண்ணுக்குக் கீழுள்ள மேட்டின்மேல் வைத்துத் தேய்க்கிறது. வில் பட்டுப் பட்டு நழுவுவதால் பிடில் ஒலிப்பது போன்ற ஏற்பாடு. ஷீலா படேக் என்ற விஞ்ஞானி 2001-இல் இதைக் கண்டறிந்து எழுதினார். தோடு உரித்து உடம்பு மெத்தென்று இருக்கும் நாட்களில், முள்ளும் கவசமும் உதவாத அந்த நாட்களில்கூட, இந்தப் பிடில் மட்டும் வேலை செய்யுமாம். தன்னைப் பிடிக்க வரும் மீனை மிரட்டத்தான் இந்தச் சத்தம். வலியில் எழுப்பும் ஓலம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் புதுச்சேரிக்காரனுக்கு மேல்நாட்டானின் அந்தச் சமாதானம் கிடைக்காது. நம் ஊர்ப் பிராணி தன்னை விடச் சொல்லித்தான் கத்துகிறது.

வலி உண்டா இல்லையா என்பது வேறு கேள்வி. பெல்ஃபாஸ்ட் சர்வகலாசாலையில் ராபர்ட் எல்வுட் என்பவர் துறவி நண்டுகளை வைத்துச் சோதனை செய்து 2009-இல் எழுதினார். துறவி நண்டு நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கிற பிராணி. சிலவற்றுக்கு மிகவும் பிடித்த ஓட்டையும், சிலவற்றுக்குச் சுமாரான ஓட்டையும் கொடுத்து, உள்ளே லேசான மின்சாரம் பாய்ச்சினார். சுமாரான வீட்டுக்காரர்கள் அதிகமாக வெளியேறினார்கள். நல்ல வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். வெறும் உடம்புத் துடிப்பாக இருந்தால் வீட்டின் தராதரம் பார்த்தா துடிக்கும்? ஒழுகாத வாடகை வீட்டில் இருப்பதற்காக வீட்டுக்காரரின் பேச்சைச் சகித்துக்கொண்ட எனக்கு இதைப் படித்தபோது அந்த நண்டுகளிடம் ஒரு பந்துத்துவமே ஏற்பட்டுவிட்டது.

டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் என்ற அமெரிக்க நாவலாசிரியரை ஒரு சாப்பாட்டுப் பத்திரிகை 2003-இல் மெய்ன் மாநிலத்து லாப்ஸ்டர் திருவிழாவுக்கு அனுப்பியது. திருவிழாவின் கோலாகலத்தை எழுதச் சொன்னால், அவர் 2004-இல் எழுதிக் கொடுத்தது, 'நம் நாக்கின் சுகத்துக்காக ஒரு ஜீவனை உயிரோடு கொதிக்க வைப்பது சரிதானா?' என்ற கேள்வியை. பத்திரிகையும் அதைப் பிரசுரித்தது. தைரியமான ஆசிரியர்தான். ஸ்விட்ஸர்லாந்தில் 2018 மார்ச் முதல், உணர்வு போகச் செய்யாமல் இவற்றைக் கொதிக்க வைக்கக் கூடாது என்று விதி. இங்கிலாந்தில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் நிபுணர் குழு முந்நூறுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து 2021-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. அதன் பலனாக 2022-இல் வந்த சட்டம் நண்டு, இறால், லாப்ஸ்டர் எல்லாவற்றையும் உணர்வுள்ள ஜீவன்களின் கணக்கில் சேர்த்தது. சேர்த்ததோடு சரி, அந்தச் சட்டம் பானையைத் தொடவில்லை.

இதில் நமக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை இருக்கிறது. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் விடாமல் போராடியதன் பலனாக 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தில் பிராணி என்பதற்குக் கொடுத்திருக்கும் இலக்கணம், மனிதனைத் தவிர உயிருள்ள எந்த ஜீவனும் என்பது. அதாவது இங்கிலாந்துக்கு அறுபது வருஷம் முன்னாலேயே சிங்கி இறால் நம் சட்டத்துக்குள் வந்தாயிற்று. உணவுக்காகக் கொல்வதற்கு அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் அவசியமற்ற வேதனை கொடுத்துக் கொல்வதற்கு அளிக்கவில்லை. சொல்தாவின் சமையலறை 1961-இல் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் இருந்ததா என்பதை வக்கீல்கள் தீர்மானிக்கட்டும். எனக்குக் குழப்பம் அந்த 'அவசியமற்ற' என்ற வார்த்தையில்தான். சிங்கி இறால் தின்றுதான் உயிர் வாழ வேண்டும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விதி இல்லை. அப்படியானால் அந்தப் பானையில் அவசியமான வேதனை எது?

கண்டிப்பான பதில் புதுச்சேரியிலிருந்து ஒரு காலைப் பிரயாண தூரத்தில் இருக்கிறது. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது; ஓர் உயிரையும் கொல்லாமல் பசித்தவருக்கெல்லாம் சோறு போடுகிறது. 'நான் கொல்லவில்லை, காசு கொடுத்து வாங்கினேன், அவ்வளவுதான்' என்ற சாக்கை வள்ளுவர் புலால் மறுத்தலில் எப்போதோ அடைத்துவிட்டார். வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் ஏது என்று அவர் கேட்கிற கேள்விக்கு நான் இதுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை. இந்தப் பதில்களை நான் மதிக்கிறேன். அந்தப் படியில் ஏறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏறாதவர்களுக்குக் கீழே ஏதாவது நிற்க இடம் உண்டா, அல்லது ஏறாவிட்டால் எல்லாம் ஒன்றுதானா என்பதே என் விசாரம்.

நிற்க. பேத்தியை அழைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். பலகையில் கூபேர் மார்க்கெட் என்று இருக்கும்; எங்களுக்கு அது பெரிய மார்க்கெட்தான். பல வருஷமாக எனக்கு மீன் கொடுக்கும் அம்மாள் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"சிங்கியா? அது இங்க எங்க ஐயா வருது! கரையிலயே ஏஜெண்டு எடுத்துக்கினு பூடறான். ஓட்டலுக்கும் வெளிநாட்டுக்கும் போவுது. எம்மவன்கிட்ட சொல்லி வைக்கிறேன், நாளைக்கு வாங்க."

"நீங்கள் சாப்பிட்டுப் பார்த்ததுண்டா அம்மா?"

"எங்க ஆயா காலத்துல கொழம்பு வெச்சாங்களாம். எனக்கு எங்க! சிங்கிய நான் துன்னா அரிசிய யாரு வாங்கறது?"

மெய்னிலும் இதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே லாப்ஸ்டர் மலிந்து கிடந்தது, ஏழைகளின் சாப்பாடு. டப்பாவும் ரெயிலும் வந்து சேர்ந்த பிறகுதான் கனவான்களின் மேஜைக்கு ஏறிற்று. இந்தக் கரையில் வாலை உறைய வைத்து ஏற்றுமதி செய்வது 1950-களில் தொடங்கியது. ஆயாவின் குழம்புச் சட்டியிலிருந்து சிங்கி காணாமல் போனதும் அதற்குப் பிறகுதான் இருக்க வேண்டும்.

மறுநாள் மூன்று வந்திருந்தன. ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். வாலுக்கு அடியில் கேசரி நிறத்தில் முட்டைகள், ரவையை அள்ளி ஒட்டியதுபோல. "சினைச் சிங்கி. வெல கம்மிதான், எடுத்துக்கங்க" என்றாள். மெய்ன் மீனவர்கள் முட்டையோடு பிடிபடுவதன் வால் மடலில் சின்ன வெட்டுப் போட்டுக் கடலில் விட்டுவிடுவார்கள். அந்த அடையாளம் இருக்கும்வரை வேறு யாரும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. அது அவர்கள் சட்டம். நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் சினைச் சிங்கியைக் கடலில் விடச் சொல்லிக் கரைகளில் பிரசாரம் செய்திருக்கிறார்கள். இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். "நாங்க வுட்டா பக்கத்து வலைக்காரன் புடிப்பான்" என்றாள். இதற்கு மெய்னில் பதில் இருக்கிறது, என்னிடம் இல்லை. மூன்றுக்கும் பணம் கொடுத்து, இரண்டை எடுத்துக்கொண்டு, சினையாக இருந்ததை மகனிடம் கொடுத்துக் கடலில் விடச் சொல்லும்படி கேட்டேன். காசு கொடுத்து மனசாட்சிக்கு வாய்ப்பூட்டு வாங்குவதுபோல எனக்கே தோன்றிற்று. ஆனாலும் கொடுத்தேன்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் பை கத்திற்று. டிரைவர் திரும்பிப் பார்த்து, "உள்ள இன்னா சார், எலியா?" என்றார். அறுபது வருஷத்துக்குப் பிறகு அதே கீல் சத்தம். என் முகம் போன போக்கைப் பார்த்த பேத்தி நிதானமாகச் சொன்னாள்: "தாத்தா, கொல்வதைப் பார்க்கத் தைரியம் இல்லாதவர்கள் தின்னக் கூடாது. அதுதான் நேர்மை."

இந்த அபிப்பிராயம் இப்போது நன்றாகப் படித்தவர்களிடம் பரவியிருக்கிறது. கேட்கவும் கம்பீரமாக இருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. ஆனால் வீடு போய்ச் சேர்வதற்குள் அது என் மனசில் நிற்காமல் போய்விட்டது. சொல்தா பார்த்தார், முகம் சுளிக்காமல், மூடியை அழுத்திக்கொண்டு பார்த்தார். மதாம் பார்க்கவில்லை, கிணற்றடியில் நின்றாள். நான் பார்த்து அழுதேன். மூன்று பேருக்கு மூன்று விதமான மனசு. பானைக்குள் இருந்ததற்கு மூன்றும் ஒன்றுதான். சொல்தாவின் தைரியத்தால் அதன் வேதனையில் ஒரு நிமிஷம் குறையவில்லை. மதாமின் 'பாவ'த்தாலும் குறையவில்லை. என் கண்ணீரோ, உப்பு குறைந்த இடத்தில் ரொட்டிக்கு உதவியிருக்கும். பார்க்கும் தைரியம் ஒரு யோக்கியதை என்றால் கசாப்புக்கடையில் இருபது வருஷம் நின்றவன் எல்லோரையும்விட நேர்மையானவனாக இருக்க வேண்டும். தைரியம் பழக்கத்தில் வந்துவிடும். பழகிப்போன கண் எதையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்று அந்தச் சமையலறையில் யாராவது ஒருவர் அரை மணி நேரம் சிரமப்பட்டிருந்தால் விஷயம் வேறாக இருந்திருக்கும். சிரமப்படத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியிருந்தால். எனக்கு அப்போது பத்து வயசு, சரி. இப்போது எழுபத்தைந்து.

ஆகையால் இதைச் செய்கிறவர்களுக்கு நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். சிங்கியை உயிரோடு வாங்குவது ஆடம்பரத்துக்காக இல்லை. செத்துச் சிறிது நேரம் ஆனாலே அதன் சதை தானாகக் குழைய ஆரம்பிக்கும், கிருமியும் சேரும். உயிரோடு கொதிக்க வைக்கும் பழக்கம் இதனால் வந்ததுதான். ஆனால் பானைக்கு அரை நிமிஷம் முன்னால் கொன்றால் சதைக்கு ஒன்றும் ஆகிவிடாது. குழாய்த் தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது; நல்ல தண்ணீர் அதற்கு உடம்பெல்லாம் புகும் விஷம். உயிரோடு வாலை முறுக்கிப் பிய்ப்பதும் கூடாது. இவை இரண்டும் அந்த லண்டன் அறிக்கை விலக்கச் சொன்ன பட்டியலில் இருக்கின்றன. கடல் தண்ணீர் அளவு உப்புப் போட்ட தண்ணீரில் நிறைய ஐஸைக் கொட்டி இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைக்க வேண்டும். நம்முடையது வெப்பக் கடல் ஜாதி, குளிரில் சீக்கிரம் மரத்துவிடும். குளிர் மட்டும் போதும் என்று நம்பிவிடக் கூடாது. மீசையைத் தொட்டாலும் கண்ணைத் தொட்டாலும் அசையாத பிறகு, கனமான கத்தியைத் தலைக்கும் முதுகுக்கும் நடுக்கோட்டில் வைத்து ஒரே வீச்சில் நீளவாக்கில் பிளக்க வேண்டும். தலையில் ஒரு குத்து விட்டால் போதாது. மனிதனுக்குப்போல ஒரே மூளை அதற்கு இல்லை. நரம்பு முடிச்சுகள் சங்கிலியாக உடம்பு நெடுகப் போகின்றன.

பேத்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தியை நான் எடுத்தேன். கை நடுங்கிற்று. முதல் வீச்சு கோணலாக விழுந்து தலையோடு நின்றுவிட்டது. இரண்டாவது வீச்சில்தான் பிளந்தது. நடுவில் போன அந்த ஒரு விநாடிக்கு நான் ஐஸை நம்பியிருக்கிறேன். இரண்டாவது சிங்கிக்குக் கை பழகிவிட்டது. பழகியது சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பிளந்ததைத் தண்ணீரில் போட்டால் ருசி கரைந்து போகும். இட்லிப் பானையில் வாழை இலையை விரித்து எட்டு நிமிஷம் ஆவியில் வைத்தோம். கண்ணாடிபோல இருந்த சதை பால் வெள்ளையானதும் இறக்கி, வாலின் நடுவே ஓடும் கறுப்பு நரம்பை உருவிவிட வேண்டும். சதையைப் பொடியாக நறுக்கிவிடக் கூடாது. கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தால்தான் பல்லில் படும். அமெரிக்காவில் இதில் இரண்டு கட்சி உண்டாம். கனெக்டிகட்காரர்கள் சூடாக, உருக்கிய வெண்ணெயில் புரட்டித் தருவார்கள். மெய்ன்காரர்கள் ஆறவைத்து மயோனேஸில் கலப்பார்கள். பேத்தி மெய்ன் கட்சி. சொல்தாவும் தெரியாமலே அந்தக் கட்சிதான். ஒரு மஞ்சள் கரு, கொஞ்சம் கடுகு விழுது, கடலை எண்ணெய் சொட்டுச் சொட்டாக. எண்ணெய் ஊற்றுவதில் அவசரப்படுகிறவன் மயோனேஸுக்கு லாயக்கில்லை என்பார் அவர். கடைசியில் எலுமிச்சம்பழச் சாறு. செலரித் தண்டுக்குப் பதிலாகக் கொத்தமல்லித் தண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டேன். மசாலாவை எடுத்து வந்த என் கையைப் பேத்தி தட்டிவிட்டாள். அவள் செய்தது சரி. சிங்கியின் தித்திப்பு மிக மெல்லியது, மிளகாய்ப் பொடி விழுந்தால் அது இருந்த இடம் தெரியாது.

ரொட்டிதான் சோதனை. அங்கே மேல்புறம் பிளந்த மெத்தென்ற பன்னின் இரு பக்கத்தையும் வெண்ணெயில் வாட்டித் தருகிறார்கள். நம் ஊர் நீள ரொட்டிக்கு மேல்தோல் உறுதி. அப்படியே கடித்தால் உள்ளிருப்பது பின்பக்கமாக மடியில் விழும். சொல்தாவின் உபாயம் எனக்கு ஞாபகம் இருந்தது: பக்கவாட்டில் கீறாமல் உச்சியில் கீற வேண்டும், உள்ளிருக்கும் பஞ்சில் பாதியைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும், குடைந்த இடத்தில் வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் கவிழ்த்து வாட்ட வேண்டும். கிள்ளிய பஞ்சைக் காக்கைக்குப் போடலாம். சூடான ரொட்டியில் ஆறின சிங்கி. உடனே தின்ன வேண்டும். பத்து நிமிஷம் போனால் ரொட்டி நனைந்துவிடும்.

இரண்டு சிங்கி மூன்று ரொட்டிக்குச் சரியாக வந்தது. மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மொறுமொறுவென்று தோல் உடைந்தது. அதன் பிறகு வெண்ணெய், அதன் பிறகு அந்தத் தித்திப்பு. சொல்தா வீட்டு ருசியேதான். அதை இந்த அறுபது வருஷமும் நாக்கு மறக்கவில்லை. பேத்தி விரலை நக்கிக்கொண்டு, "அடுத்த வாரமும் பண்ணலாமா?" என்றாள். "அடுத்த ஜூலை 14-க்குப் பண்ணலாம்" என்றேன். "ஏன், பாவமா?" என்று கேட்டாள். பாவம்தான் என்றும், வருஷத்துக்கு ஒரு முறை என்றால் பாவம் குறைந்துவிடாது என்றும், ஆனால் வாராவாரம் என்றால் எனக்குக் கை நடுங்காமல் போய்விடும் என்றும் சொன்னேன். "நடுங்கினதால்தானே முதல் வீச்சு கோணலாகப் போயிற்று?" என்றாள். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனோம். கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதலில் முகர்ந்து பார்த்தாள். பக்கத்துக் கடைப் பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு கடி கடித்து, மெல்ல மென்று, விழுங்கினாள்.

"அந்த சினைச் சிங்கிய எம்மவன் கல்லாண்ட வுட்டுட்டானாம் ஐயா. வால அடிச்சிக்கினு பின்னாலயே ஓடிச்சாம்" என்றாள். பிறகு ரொட்டியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா இம்மாம் காசு குடுக்கிறாங்க? வஞ்சிரம் இதுக்கு மேல!"

என்றாலும் மீதியை முழுக்கத் தின்று முடித்துவிட்டு, மிளகு கொஞ்சம் தட்டிப் போட்டிருக்கலாம் என்று என் பேத்தியிடம் சொன்னாள்.